படத்தின் பின்புறம்

கணிதமேதை ராமானுஜன் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் முகம் பெரும்பாலும் ஒரு பாஸ்போர்ட் படத்திலிருந்து வந்தது. 1919-ல் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பும் சமயத்தில் எடுத்த படம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் சேத்துப்பட்டில் காலமானார். 1936-ல் இந்தியா வந்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரிடம், ராமானுஜனின் நல்ல படம் ஒன்றைத் தேடித் தரும்படி கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர் திருவல்லிக்கேணியில் மிக எளிய நிலையில் வாழ்ந்துவந்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அந்தப் பாஸ்போர்ட் அவரிடம் பத்திரமாக இருந்தது. அதிலிருந்த படம் 1940-ல் ஹார்டியின் நூலில் இடம்பெற்றது. பிறகு பாடப்புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் போனது. 1980களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லுண்ட் ராமானுஜனின் மார்பளவுச் சிலையை வடித்ததும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

மாணவருக்கும் ஆய்வாளருக்கும் பத்திரிகையாளருக்கும் ஒரே படம் இத்தனை காலம் உழைத்திருக்கிறது. ஆளின் பெயரும் காலமும் காரணமும் பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே இருந்ததால், இது ராமானுஜன்தானா, எப்போது எடுத்தது என்று யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றிய ஜானகி அம்மாள் அதன் விவரத்தையும் சேர்த்தே காப்பாற்றினார்.

மயிலாப்பூரில் இருந்துகொண்டு ஆவணப் படங்கள் எடுப்பது என் தொழில். மாடவீதி வீடுகள், ஓலைச்சுவடிகள், பழுப்பேறிய குடும்பப் படங்கள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். ஆய்வாளர் கேட்கும் படம் வேறு, பள்ளி கேட்கும் படம் வேறு, பத்திரிகை கேட்கும் படம் வேறு. ஆனால் மூவருக்கும் படத்தோடு நான்கு செய்திகள் வேண்டும்: படத்தில் இருப்பது யார் அல்லது எது, எந்த இடம், எந்த நாள், எடுத்தவர் யார். இவை இல்லாத படம் விலாசம் இல்லாத கடிதம்.

கேமராவை ஆய்வுக் கருவியாக நினைக்கும் பழக்கம் சென்னைக்குப் பழையது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே புகைப்படக்கலையும் கற்பிக்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை 1858-ல் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அந்தக் கற்கள் கப்பலேறி லண்டன் போயின. அவை சென்னையில் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளையும் அதே ட்ரைப் எடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் மாறாமல், உயரம் மாறாமல், வெயிலின் சாய்வைப் பார்த்துப் பார்த்து அடியடியாக நகர்ந்திருந்தால்தான் இது முடியும். மெழுகேற்றிய காகித நெகட்டிவில் அதைச் செய்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

நான் அதிகம் நேசிக்கும் வேலை சுவடிகளைப் படமெடுப்பது. அடையாறு நூலகமும் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகமும் இருக்கும் பகுதியில் வாழ்பவனுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. வீடுகளிலும் இன்னும் கட்டுகள் கிடக்கின்றன. பிரித்ததும் நேராகக் கேமராவை நீட்டிவிடக் கூடாது. முதலில் கட்டை அப்படியே ஒரு படம்: சட்டம், கயிறு, மேலே ஒட்டிய துண்டுச்சீட்டு எல்லாம் தெரிய வேண்டும். அடுத்து மேசைமேல் சாம்பல் நிற அட்டை, அதன் ஓரத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும். கேமராவை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, ரசமட்டம் வைத்து லென்ஸை ஏட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் அந்த முனை எழுத்துகள் மங்கிவிடும்.

பிறகு வெளிச்சம். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மை இன்னும் இருந்தால் இரண்டு பக்கமும் 45 பாகையில் சமமான விளக்கு போதும். மை உதிர்ந்துபோன ஏட்டை அப்படி எடுத்தால் வெறும் பழுப்புப் பட்டைதான் கிடைக்கும். அப்போது ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை ஏட்டின் மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும். சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் விழும். ஒன்றுமே இல்லை என்று நினைத்த ஓலையில் ககரமும் மகரமும் எழுந்து வருவதைப் பார்க்கும் மகிழ்ச்சியை நான் வேறெதிலும் அடைந்ததில்லை.

முன்பக்கம், பின்பக்கம் என வரிசை பிசகாமல் எடுக்க வேண்டும். இடது ஓரத்து ஏட்டு எண் வெட்டுப்படக் கூடாது. எழுத்தில்லாத ஏட்டையும் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் பார்ப்பவர் ஓர் ஏடு காணாமல் போனதாக நினைப்பார். எடுத்த படத்தைச் செயலியில் போட்டுக் கூர்மையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய ஏஐ செயலிகள் பூச்சி அரித்த இடத்திலும் எழுத்து மாதிரி எதையாவது நிரப்பிவிடுகின்றன. உடைந்த எழுத்து உடைந்ததாகவே இருக்கட்டும். அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பது பதிப்பாசிரியர் வேலை. படமெடுப்பவர் வேலை அல்ல.

இந்த ஒழுக்கத்துக்கு நான் முன்னோடியாகக் கொள்பவர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூர்வாசி, இயற்கையியலாளர். ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்தவர். அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்தார், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் 1996-ல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதினார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது. யானையைப் படமெடுத்தவர்கள் பலர் உண்டு. தாம் கண்டதை எழுத்திலும் படத்திலும் ஒருசேரப் பதிந்து, ஆய்வாளரும் நாளிதழ் வாசகரும் ஒருங்கே படிக்கக் கொடுத்தவர் அவர்.

பத்திரிகைக்கு இந்த ஒழுக்கம் இன்னும் அவசரமானது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாத வெள்ளப் படங்கள் கைபேசி கைபேசியாகப் பரவி மக்களைக் கலங்கடித்தன. வெள்ளம் வடிந்த பிறகு கோட்டூர்புரம் பக்கத்து வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டின் அருகே ஓர் அளவுநாடாவைப் பிடித்து, தெருப் பெயரும் தேதியும் குறித்து எடுத்த படம் ஒன்று இருந்தால், செய்தியாளருக்கு அது செய்தி, நீரியல் ஆய்வாளருக்கு அளவீடு, அந்தத் தெருவில் நாளை வீடு கட்டுபவருக்கு எச்சரிக்கை.

பள்ளிகளில் படமெடுக்கச் சொல்லிக் கொடுக்கும்போதும் இதையேதான் முன்வைக்கிறேன். தி.நகர்ப் பிள்ளைகளை ரங்கநாதன் தெருமுனையில் ஒரே இடத்தில் நிற்கவைத்து, கடை திறக்கும் முன் ஒரு படம், கூட்டம் நெரியும் மாலையில் ஒரு படம் எடுக்கச் சொல்வேன். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரி எழுத வேண்டும். முதல் நான்கு, முன்பு சொன்ன நான்கு செய்திகள். ஐந்தாவது வரி, இந்தப் படத்தில் தெரியாதது எது என்பது. காலையில் தெருவைக் கூட்டிவிட்டுப் போனவர் படத்தில் இல்லை என்று ஒரு பிள்ளை எழுதினால், அன்றைய பாடம் நிறைவேறியது. பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை கேட்கவும் கற்றுக்கொள்கிறது. மெட்ரோ ரயில் பணியால் லஸ் முனையும் பனகல் பூங்காவும் உருமாறிவிட்ட இந்த நாளில், முன்பு அங்கே என்ன இருந்தது என்று இந்தப் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்குப் படம் வேண்டும்.

அந்தப் படங்கள் பலவும் வீடுகளில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னுருவாக்கியது, அரிய பணி. ஆனால் படத்தில் மணப்பெண் அருகே நிற்கும் சிறுவன் யார் என்று எந்த நிறுவனமும் சொல்லிவிட முடியாது. உங்கள் பாட்டியோ பெரியப்பாவோதான் சொல்ல முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை கசியும். கைபேசியில் எடுத்த முக்கியமான படங்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். அப்போதுதான் எடுத்த நாளும் நேரமும் கோப்போடு போகும், தரமும் குறையாது. சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.