பூட்டிய அறையில் ஒரு கான்செர்டோ

போன வருஷம் ஜூன் மாதம் என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்காதவள், பியானோ வகுப்புக்கு மட்டும் லீவு சொல்லச் சொன்னாள். டீச்சருக்குப் போன் போட்டேன்.

"வலது கையிலதானே கட்டு சார்? இடது கை சும்மாதானே இருக்கு. அனுப்பி வையுங்க."

டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். பெரம்பூரில் பழைய வீடு, பழைய பியானோ. மகளை உட்காரவைத்தவர், ஸ்டூலை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தினார். ஒரு கையே கட்டைகள் முழுவதும் மேய வேண்டும் என்றால் உடம்பு குறுக்கே நிற்கக் கூடாதாம். பிறகு சுண்டுவிரலால் கீழே ஒரு சுரத்தை அடித்து, பெடலை மிதித்து, அது கார்வையாய் நிற்கும்போதே கையை மேலே தாவச் செய்து கட்டைவிரலால் ஒரு மெட்டை வாசித்துக் காட்டினார். "வலது கையில மெட்டு எப்பவும் நோஞ்சான் விரல்களுக்குத்தான் போகும். சுண்டுவிரல், மோதிர விரல். இடது கையில மேல் பக்கம் இருக்கிறது யாரு? கட்டைவிரல். பலசாலி." கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டு கை வாசிப்பது போலத்தான் இருந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "முழு ஆர்கெஸ்ட்ராவோட இடது கைக்கு மட்டுமே கான்செர்டோ இருக்கு சார். ஒரு கை போன ஆளு ஒருத்தர் எழுதச் சொன்னாராம்."

யார் அந்த ஆள்? எனக்குக் கர்நாடக சங்கீதமே அரைகுறை. மேற்கத்திய இசையில் கால்வாசி கூடத் தேறாது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றிரவே அந்தக் கான்செர்டோவைத் தேடிக் கேட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் எழுதியது. அடிமட்டத்தில் தந்தி வாத்தியங்களின் முணுமுணுப்பு. அதன் மேல் கான்ட்ராபசூன் இருட்டில் தடவித்தடவி நடப்பது போல ஒரு குரல். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் பொங்கி எழுந்து நின்றதும் பியானோ தனியாக நுழைகிறது. ஐந்து விரல் என்பதை நம்ப முடியவில்லை. எழுதச் சொன்னவர் பெயர் பவுல் விட்கென்ஸ்டைன். சிறுபத்திரிகை படித்தவர்கள் இந்தக் குடும்பப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன்தான் இவர்.

பவுல் 1887-ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா எஃகுத் தொழிலில் ஆஸ்திரியாவின் பெரும் பணக்காரர். பிராம்ஸ் வந்துபோன வீடு. 1913 டிசம்பரில் பவுல் இரண்டு கையாலும் முதல் கச்சேரி செய்தார். அடுத்த ஜூலையில் முதல் உலகப் போர் தொடங்கியது. சில வாரங்களிலேயே, இன்றைய போலந்துப் பகுதியில், வலது முழங்கையில் குண்டு. கையை எடுத்துவிட்டார்கள். அறுவை செய்த மருத்துவமனையையே ரஷ்யப் படை பிடித்தது. பவுல் சைபீரியாவில் ஓம்ஸ்க் நகருக்குக் கைதியாகப் போனார். அங்கே ஒரு மரப்பெட்டியில் கரியால் பியானோக் கட்டைகளை வரைந்து, மீதமிருந்த ஐந்து விரலால் அதைத் தட்டிப் பழகினார் என்கிறார்கள். ஓசை வராத பெட்டி. அங்கிருந்துதான் தன் பழைய குரு யோசப் லாபோருக்கு, இடது கைக்கு ஒரு கான்செர்டோ எழுதித் தர முடியுமா என்று கேட்டனுப்பினார். லாபோர் கண் பார்வையற்றவர். கடிதம் வருவதற்கு முன்பே அவர் எழுத ஆரம்பித்திருந்தார்.

இந்த இடத்தில் நான் போட்டு வைத்திருந்த கணக்கு தப்பியது. எல்லாம் ரவேலில் தொடங்கியது என்று நினைத்திருந்தேன். ரவேலுக்கு 15 ஆண்டு முன்னதாக, 1916 டிசம்பரில், லாபோரின் படைப்போடு பவுல் ஒற்றைக் கையராக வியன்னா மேடை ஏறிவிட்டார். அதற்கும் முன்னே போனால், ஹங்கேரியில் கேஸா ஸிச்சி என்றொரு பிரபு. சிறுவயதில் வேட்டையில் வலது கையை இழந்து, லிஸ்ட்டிடம் பயின்று, ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர். பாஹின் ஒரு வயலின் உருப்படியைப் பிராம்ஸ் இடது கைக்கு மாற்றி எழுதியிருக்கிறார். வலது கை வலித்த காலத்தில் ஸ்க்ரியாபின் இடது கைக்கென்றே இரண்டு சிறு உருப்படிகள் செய்திருக்கிறார். வேர் ஆழமானதுதான். ஆனால் பெரிய படைப்பாளிகளை வரிசையாகப் பணம் கொடுத்து எழுதவைத்தவர் பவுல் ஒருவர்தான்.

1922 வாக்கில் தொடங்கி ஃபிரான்ஸ் ஷ்மிட், கோர்ன்கோல்ட், ஹிண்டமித் என்று கேட்டார்; பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ரவேல், புரோகோஃபியெவ்; 1940-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிரிட்டன். நல்ல சம்பளம். நிபந்தனை என்னவென்றால், சில ஆண்டுகளுக்கோ தன் ஆயுள் முழுமைக்குமோ அதைத் தான் மட்டுமே வாசிக்க வேண்டும்.

சம்பளம் கொடுத்தவருக்கு எல்லாமே பிடித்துவிடவில்லை. ரவேலின் படைப்பை 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேற்றினார். ஆனால் ஸ்கோரில் இருந்ததைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வாசித்தார். நேரில் கேட்ட ரவேல் கொதித்துப்போனார். வாசிப்பவன் அடிமையல்ல என்று பவுல் சொல்ல, அடிமைதான் என்று ரவேல் சொன்னதாகச் சொல்வார்கள். அதே போரில் எதிர்ப்பக்கம், வெர்டூன் பகுதியில் பிரெஞ்சுப் படைக்கு லாரி ஓட்டியவர் ரவேல். போர் மிச்சம் வைத்த கைக்காக எழுதியவரும் எழுதச் சொன்னவரும் சுரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்! புரோகோஃபியெவ் 1931-ல் எழுதி அனுப்பியதற்கு வந்த பதில் இன்னும் மோசம்: நன்றி, இதில் ஒரு சுரம்கூட எனக்குப் புரியவில்லை, வாசிக்கமாட்டேன். புரோகோஃபியெவ் 1953-ல் இறக்கும்வரை தன் நான்காம் பியானோ கான்செர்டோவை ஆர்கெஸ்ட்ராவோடு கேட்கவே இல்லை.

அதை 1956-ல் பெர்லினில் அரங்கேற்றியவர் ஸீக்ஃபிரீட் ராப். இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்த ஜெர்மானியப் பியானோக் கலைஞர். இவரைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. 1950-ல் ராப், அமெரிக்காவிலிருந்த பவுலுக்கு எழுதிக் கேட்கிறார்: உங்களுக்காக எழுதப்பட்டவற்றை நானும் வாசிக்கலாமா? ஒரு கை போனவர் இன்னொரு கை போனவரிடம் கேட்கிறார். பவுல் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: இன்னொருவன் குடியிருப்பதற்காக யாரும் வீடு கட்டுவதில்லை. எழுதச் சொன்னதும் நான், பணம் கொடுத்ததும் நான். நான் மேடையேறும் வரை அவை எனக்கு. செத்த பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நூலகத்தில் தூசி படிய வேண்டும் என்பது என் ஆசையல்ல.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். "அவர் பக்கமும் நியாயம் இருக்கு சார்" என்றார். இரண்டு கை உள்ளவனுக்கு மோட்ஸார்ட், பேத்தோவன், ஷோப்பேன் என்று ஊர் முழுக்கச் சொத்து. இவருக்கு இந்த ஏழெட்டுதான். அதையும் இரு கைக்காரர்கள் ஆளாளுக்கு வாசித்துத் தள்ளினால் இவரை யார் கூப்பிடுவார்கள்? நியாயம்தான். போதாததற்கு, யூத வம்சம் என்று நாஜிகள் மேடையைப் பிடுங்க, 1938-ல் ஊரை விட்டே போக வேண்டிவந்த மனிதர். ஆனாலும் வாசித்ததையாவது தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். வாசிக்கவே மாட்டேன் என்றதையும் கொடுக்காமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வைக்கோற்போர் நாய் என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான். ராப் கடைசியில் புரோகோஃபியெவின் மனைவியிடமிருந்து ஸ்கோரை வாங்கி வாசித்தார்.

அப்படியென்றால் ஹிண்டமித் எழுதியது? பட்டியலில் அதற்கு மட்டும் அரங்கேற்றத் தேதி இடிக்கிறது. எழுதியது 1923. அரங்கேற்றம் 2004. அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தேன்.

பிழையில்லை. 27 வயது ஹிண்டமித் அனுப்பிய ஸ்கோரைப் பார்த்த பவுலுக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாசிக்கவில்லை. வேறு யாருக்கும் தரவுமில்லை. தன் காகிதங்களோடு வைத்துக்கொண்டார். ஹிண்டமித் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே பியானோவுக்கும் 12 தனிக் கருவிகளுக்குமாக 'காம்மர்மூசிக்' வரிசையின் இரண்டாம் படைப்பை எழுதினார். 1924 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் எம்மா லூபெக்கே-யோப் வாசிக்க, கிளெமென்ஸ் கிராஸ் நடத்த, அரங்கேறியது. அதைக் கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் என்பதால் யாரும் யார் முதுகிலும் ஒளிந்துகொள்ள முடியாது. பியானோ ஓடுகிறது, ஒவ்வொருவரும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். சின்ன ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிற சுகமே அதுதான். இதையும் முந்தைய வருஷத்து இடது கை கான்செர்டோவையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பவுல் 1961-ல் நியூயார்க் பக்கம் காலமானார். ஹிண்டமித் 1963-ல். பவுலின் காகிதங்களை அவர் மனைவி பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டின் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். ஆய்வாளர் யாருக்கும் கதவு திறக்கவில்லை. அந்த அம்மாள் இறந்த பிறகு, 2002-ல்தான் அந்தக் காகிதங்களுக்கிடையே ஹிண்டமித்தின் ஸ்கோர் அகப்பட்டது. தூசி படியக் கூடாது என்று ராப்புக்கு எழுதியவரின் அறையில்!

2004 டிசம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக், சைமன் ராட்டில் நடத்த, அதை அரங்கேற்றியது. பியானோவில் லியோன் ஃபிளெய்ஷர். இவருக்கு இரண்டு கையும் இருந்தது. ஆனால் 1960-களின் நடுவில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாகவே மடங்கத் தொடங்கி, முப்பது ஆண்டுகள் இடது கை உருப்படிகளை வாசித்தே காலம் தள்ளியவர். ஊசி மருந்தில் விரல்கள் ஓரளவு விரிய, இரண்டு கையாலும் வாசித்த இசைத்தட்டு அதே 2004-ல்தான் வெளிவந்தது. அந்த இசைத்தட்டு வந்த வருஷத்திலும், 76 வயதில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு 81 வயதுப் புதுப் படைப்பை அரங்கேற்ற வந்தார்.

ஒலிப்பதிவு கிடைத்தது. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பகுதி ஆளைத் துரத்துகிறது. அதைப் பார்த்துத்தான் பவுல் மிரண்டிருக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் எல்லாம் அடங்கி, கீழே ஒரே நடை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, மேலே ஊதுகுழல்கள் பேசிக்கொள்கின்றன. மகளுக்கு அதற்குள் மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள். வலது மணிக்கட்டு மெலிந்து, தோல் வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள், மூன்றாம் பகுதி வந்ததும் மேசை விளிம்பில் இடது கை விரல்களை ஓட்டினாள். ஓசை வரவில்லை.

ஹிண்டமித்துக்குக் கொடுத்த சம்பளம் என்னவாயிற்று என்பதையும் தேடினேன். மார்க் நோட்டு வெறும் காகிதமாகிப்போன 1923-ல், ஃபிராங்க்ஃபர்ட்டின் பழைய மதிலில் மிஞ்சியிருந்த ஒரு கோபுரத்தை வீடாக்கிக்கொள்ள அந்தப் பணம் அவருக்கு உதவியிருக்கிறது. மாடு மேய்ப்பவர் கோபுரம் என்று அதற்குப் பெயர். 1927 வரை அதில் குடியிருந்தார். இரண்டாம் போரில் குண்டு விழுந்து எரிந்ததைப் பிறகு திரும்பக் கட்டினார்கள். இப்போது அது ஹிண்டமித் நினைவு அருங்காட்சியகம். ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் போகிறவர்கள் மைன் நதியின் தென்கரையில், ஸாக்ஸன்ஹாவுசன் பகுதியில் பார்க்கலாம்.