மஞ்சள் பனியனும் நம் ஊர் மைதானமும்

பெரிய நகரத்து அணிகளே மீண்டும் மீண்டும் கோப்பையைக் கைப்பற்றினால், அந்த விளையாட்டின்மீது மக்கள் கொண்ட பற்று வளருமா, தேயுமா? பனியன் தைத்துப் பிழைக்கும் எங்கள் குடும்பத்தில் இரவு உணவு வேளையில் இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. “பெரிய ஊர் ஜெயித்தால்தான் ஆட்டத்துக்கு மவுசு” என்பார் பெரியப்பா. இளையவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கக் காண்கிறோம்.

பெரியப்பாவின் கூற்றுக்குத் திருப்பூரே சாட்சி. சென்னை அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐ.பி.எல். கோப்பையை வென்றது. கோடை பிறந்தால் காதர்பேட்டைக் கடைகளில் மஞ்சள் பனியன்கள் அடுக்கடுக்காய் ஏறுகின்றன. கட்டிங் மேசையில் மஞ்சள் துணி விரிந்தால் ஓவர்லாக் தைப்பவர் முதல் மடித்துக் கட்டுபவர் வரை அனைவருக்கும் வேலை உண்டு. கிரிக்கெட்டின் விதி ஒன்றும் அறியாத பாட்டியரும் தோனியின் பெயரை அறிவர். பெருநகரின் வெற்றி சிற்றூர்களையும் ஆட்டத்தின் பக்கம் திருப்புகிறது என்பதில் ஐயமில்லை.

எனினும், ஒரே ஊர் ஓயாமல் வென்றால்? ரஞ்சிக் கோப்பையைப் பம்பாய் அணி 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை வென்றது. அவ்வரிசையின் கடைசி வெற்றி சேப்பாக்கத்தில், நம் தமிழ்நாட்டு அணியைத் தோற்கடித்துப் பெற்றதாகும். முடிவு முன்னமே தெரிந்த கதையை எத்தனை ஆண்டுகள்தாம் ஆவலோடு கேட்பது? அடுத்த ஆண்டு கர்நாடக அணி அவ்வரிசையை முறித்தபோது, பிற மாநிலத்தாருக்கும் நம்பிக்கை பிறந்திருக்கும் அல்லவா?

ஆனால் ஜெர்மனி நாட்டுக் கால்பந்து வேறொரு பாடம் கற்பிக்கிறது. அங்கே பேயர்ன் மியூனிக் அணி 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது. அப்படியிருந்தும் மக்கள் மைதானத்துக்கு வருவதை விட்டுவிடவில்லை. காரணம், ஊர்தோறும் சொந்தக் கழகம் உண்டு. நின்று பார்ப்போருக்கு மலிவான சீட்டு உண்டு. சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. தம் அணி பத்தாம் இடத்தில் நின்றாலும் தந்தை மகனை அழைத்துக்கொண்டு செல்கிறார். 2024இல் மருந்துத் தொழிற்சாலையால் பெயர்பெற்ற லெவர்குசன் என்னும் ஊரின் அணி பட்டம் வென்று, பேயர்னின் வரிசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆகவே, பெரியவர் வெல்வதால் ஆட்டம் கெடுவதில்லை. சிறியவருக்குச் சொந்தமாக ஓர் அணியும் ஆட இடமும் இல்லாமற்போனால்தான் கெடுகிறது என்று நாங்கள் கருதுகிறோம். சென்னைக்கு ஐந்து கோப்பைகளையும் தலைவராக நின்று வென்று தந்த தோனி பிறந்தது ராஞ்சியில். 2020 டிசம்பரில் இந்திய அணியில் இடம்பெற்ற நடராஜன், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் அவருக்குப் படிக்கட்டாய் அமைந்தது. பெருநகரம் ஆட்டத்துக்குப் புகழைத் தருகிறது. சிற்றூர் ஆட்டக்காரரைத் தருகிறது. ஊற்று வறண்டால் ஆறு ஓடுமோ?

அந்த லீக்கில் சென்னைச் சேப்பாக்கம் அணியே அதிக முறை வாகை சூடியது. 2025 ஜூலை 6ஆம் நாள் நம் ஊர்ப்பெயர் தாங்கிய திருப்பூர் தமிழன்ஸ் அணி, திண்டுக்கல் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 118 ஓட்ட வித்தியாசத்தில் வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. எங்கள் தெருவில் வெடி வெடித்தது. ஆயினும் அவ்வாண்டின் ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய இடங்களில்தாம் நடந்தன. முன்பு காரைக்குடியின் பெயரில் ஆடிய அணி இது. பெயர் வந்துவிட்டது, ஆட்டம் இன்னும் நம் ஊருக்கு வந்து சேரவேண்டும்.

எங்கள் வீட்டு இளையவன் பந்து வீசுவதில் வல்லவன். பனியன் கம்பெனியில் சேர்ந்தபின் ஷிப்டும் ஓவர்டைமும் அவன் மாலைகளை விழுங்கிவிட்டன. வெற்றி நாளன்று, “நம்ம ஊரு பேரு டிவியில வந்துருச்சும்மா” என்று துள்ளியவன், அடுத்த ஞாயிறு பந்தைத் தேடி எடுத்தான். ஆனால் ஆட இடம்? முன்பு ஆடிய பொட்டலில் இன்று கிடங்கு எழுந்துள்ளது. அரை மணி நேரம் சந்தில் வீசிவிட்டுத் திரும்பினான். சென்னையின் ஐந்து கோப்பைகள் அவனுக்கு மஞ்சள் பனியன் அணிவித்தன. திருப்பூரின் ஒரு கோப்பை அவன் கையில் மீண்டும் பந்தைக் கொடுத்தது. அந்தக் கை சோர்ந்துவிடலாகாது.

பெற்றோரே, பெரிய அணிகளின் வெற்றியை நம் பிள்ளைகள் கொண்டாடட்டும், அதில் குறையில்லை. ஆனால் நம் பகுதியில் எஞ்சியிருக்கும் திடல் எதுவெனக் கேட்டறிந்து, அதைக் காக்க ஊராட்சியிலும் மாநகராட்சியிலும் நாம் சேர்ந்து மனுக் கொடுக்கவேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடும்போது எல்லையோரம் நிற்க நாலு பேராவது போகவேண்டும். வாரத்தில் ஒரு மாலையையேனும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்போமாக.