பாக் வண்டி அனுப்பம்பட்டில் நிற்குமா?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போயிருக்கிறீர்களா? மீஞ்சூர் தாண்டினால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. லோக்கல் நிற்கும். எக்ஸ்பிரஸ் போர்டைக்கூடப் படிக்கவிடாமல் பறந்துவிடும். அந்த ஊரிலிருந்து சென்னைக்கு பி.காம். படிக்க வரும் ஒரு பையனின் பிரச்சினையும் இதேதான். வேகம்!

பையன் பியானோ பரீட்சைக்குத் தயாராகிறான். எடுத்துக்கொண்டது பாக்கின் சி மைனர் ப்ரெலூட். (பாக் யார் என்று முழிப்பவர்கள் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்கவும். 1986-இல் வந்தது. அதில் ராஜா வீட்டுக்கே பாக் வந்துபோவார்.) வீட்டில் இருப்பது சின்ன கீபோர்டு. தொட்டாலே சத்தம் வரும். மெட்ரோனோமை 132-இல் வைத்து வெளுத்துக் கட்டினான். வகுப்பில் நிஜ பியானோ முன்னால் உட்கார்ந்ததும் கதை கந்தல். கட்டைகள் கனம். இடது கை முழுக்க ஒரே இரைச்சல். நடுவில் வரும் சுரங்களெல்லாம் எக்ஸ்பிரஸ் ஜன்னலில் தெரியும் அனுப்பம்பட்டு மாதிரி, வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

சரி, சரியான வேகம்தான் எது? பாக் 1750-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மெல்ட்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். பெரும்பாலான பாட்டுகளில் பாக் வேகம் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதி வைக்கவில்லை. நல்லவேளை, இந்தப் பாட்டில் ஒரு துப்பு இருக்கிறது. முதல் 27 பார் நிற்காமல் ஓடும் சின்ன சுரங்கள். 28-வது பாரில் 'பிரெஸ்டோ', அதாவது படுவேகம். 34-இல் 'அடாஜியோ', நிதானம். 35-இல் 'அல்லெக்ரோ', மறுபடி சுறுசுறுப்பு. ஆரம்பத்திலேயே தலைதெறிக்க ஓடினால் பிரெஸ்டோ வரும்போது எங்கே போவது? பல்லவியை மூன்று காலத்தில் பாடப்போகிற வித்வான் முதல் காலத்தை ஓட்டமாக எடுப்பாரா? பாக்கின் மகன் இமானுவேல் பாக் 1753-இல் எழுதிய புத்தகத்திலும் இதுதான் இருக்கிறது. பாட்டின் குணத்தையும், அதில் வரும் மிக வேகமான இடங்களையும் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும் என்கிறார்.

அப்போ மெதுவா வாசிச்சா முடிஞ்சுது என்கிறீர்களா? அதுதான் இல்லை. பாக் தன் பாட்டுகளைப் பொதுவாக நல்ல சுறுசுறுப்பாகவே வாசிப்பார் என்று 1802-இல் ஃபோர்கெல் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கால ஹார்ப்சிகார்டில் தந்தியைச் சுண்டித்தான் ஒலி எழும்பும். மெல்லிய ஒலி, சீக்கிரம் அடங்கிவிடும், வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும். பியானோவில் சுத்தியல் அடிக்கிறது. கீழ் சுரங்கள் கணீரென்று நீண்டு மற்றதை விழுங்கிவிடும். ஆக, விரல் எவ்வளவு ஓடும் என்பது முக்கியமில்லை. அந்த இடது கை தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் முக்கியம். அதற்காக ரொம்பக் குறைத்தாலும் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை மாதிரி ஆகிவிடும் :-)

2019-இல் நம்ம லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டிவியில் 208-லும் 325-லும் வாசித்தாரே என்று கேட்கலாம். அசுரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வண்டு பறக்கிற பாட்டு. வேகம்தான் அங்கே விஷயமே.

பையன் இப்போது தலைகீழாக ஆரம்பித்தான். முதலில் பிரெஸ்டோவை வாசித்து, 132-ஐ அங்கே கொண்டுபோய் வைத்தான். பிறகு இடது கை சுரங்களை வாயால் பாடிக்கொண்டே ஆரம்பப் பகுதியை வாசித்துப் பார்த்தான். மூச்சு முட்டாமல் வந்தது 104.

அதுவும் வகுப்பு பியானோவில். பரீட்சை ஹாலில் இருப்பது வேறு பியானோவாம். அதன் கட்டைகள் எப்படி என்று உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.