நாற்பத்தஞ்சு சிப்பம்

நவரை நெல் அறுத்து களத்துல குவிச்சிருந்தோம். எங்க பக்கம் (வாலாஜாபாத் தாண்டி) வீட்டுக் கணக்கு எல்லாம் 75 கிலோ மூட்டைதான். ஆனா அரசு கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பமா எடுப்பாங்க. 24 மூட்டை தேறும்னு தெரியும். அது எத்தனை சிப்பம்? கணக்குப் போட போனைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

நாலாவது படிக்கிற என் பொண்ணு பக்கத்துல நெல்லைக் காலால தள்ளி விளையாடிக்கிட்டு இருந்தாள். "நாற்பத்தஞ்சுப்பா" என்றாள்.

போன்ல போட்டுப் பார்த்தேன். சரியா 45.

"எப்படிம்மா போட்ட?"

"நாலு மூட்டை முந்நூறு கிலோ. அதுமாதிரி ஆறு தடவை. ஆயிரத்து எண்ணூறு. நூறு கிலோவுக்கு ரெண்டரை சிப்பம். பதினெட்டு ரெண்டரை நாற்பத்தஞ்சு."

அன்னைக்கு ராத்திரி அதே பொண்ணு போன்ல ஒரு கணக்கு ஆப்பைத் திறந்து உட்கார்ந்தாள். 24ஐ 75ஆல் பெருக்கணும்னு வந்தது. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா எழுதினவள் மீதியைக் கூட்ட மறந்துட்டாள். சிவப்புப் பெருக்கல் குறி. திரும்பவும் போட்டாள், திரும்பவும் சிவப்பு. மூணாவது தடவை போனைக் கவுத்து வச்சுட்டு, "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்று அழுதாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் சொல்லிக்கிட்டே வளர்ந்த வார்த்தை.

1987ல அஞ்சாவது படிக்கும்போது "இவனுக்குக் கணக்கு ஏறாது"ன்னு முடிவு பண்ணி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல இருந்த மாமா வீட்டுத் தறிக்கு என்னை அனுப்பினாங்க. கோர்வைச் சேலைன்னா உடம்பு ஒரு நிறம், பார்டர் வேற நிறம், மூணு நாடா ஓடும். மாமா ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் பார்டர் நாடா தள்ள நான். எத்தனை இழைக்கு ஒரு தடவை பூ, எத்தனை விட்டு அடுத்த பூன்னு நாள் முழுக்க வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே இருப்பேன். ஜரிகை அங்கே மார்க் கணக்கு, ஒரு மார்க் 242 கிராம். மிச்சம் இருக்கிற ஜரிகை இன்னும் எத்தனை சேலைக்குக் காணும்னு மாமா கேட்டா வாயாலேயே சொல்லுவேன். அதைக் கணக்குன்னு யாரும் சொல்லலை. எனக்கும் தோணலை.

சென்னையில இருக்கிற எங்க அக்கா பையன்கிட்ட இதைச் சொன்னப்போ, அவன் ஒரு ஆராய்ச்சியைப் பத்திச் சொன்னான். நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ எல்லாம் சேர்ந்து செஞ்சது, 2025ல 'நேச்சர்' இதழ்ல வந்திருக்கு. கொல்கத்தா, டெல்லி சந்தைகள்ல வியாபாரம் செய்யற 1,436 பிள்ளைகளைப் பார்த்திருக்காங்க. கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ, 200 ரூபாய் நோட்டு கொடுத்தா மீதி எவ்வளவுங்கிற மாதிரி கேள்வி. பேப்பர் பேனா இல்லாம, ஏறக்குறைய எல்லாருமே சரியாச் சொல்லியிருக்காங்க. (163 ரூபாய். நீங்க போட்டுப் பார்த்தீங்களா?) அதே பிள்ளைகள்கிட்ட மூணு இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால வகுக்கச் சொன்னா, மூணுல ஒரு பங்குதான் தேறியிருக்காங்க. பள்ளிக்கூடம் மட்டும் போற பிள்ளைகளோ பாடக் கணக்கைப் போட்டுட்டாங்க, சந்தைக் கணக்குல திணறிட்டாங்க.

1985லயே பிரேசில்ல ரெசிஃபே ஊர்ல தெரெசின்யா கரேஹர்னு ஒரு அம்மா, கூட வேலை செஞ்சவங்களோட சேர்ந்து இதைப் பார்த்திருக்காங்க. ஒரு தேங்காய் 35ன்னா பத்துக் காய் எவ்வளவுன்னு ஒரு பையனைக் கேட்டாங்களாம். பின்னாடி ஒரு சைபர் போடாம, மூணு காய் 105, இன்னும் மூணு சேர்த்தா 210ன்னு கட்டிக்கிட்டே போய் 350ன்னு சொல்லியிருக்கான். என் பொண்ணு களத்துல போட்ட அதே வழி!

உடனே "அனுபவப் பாடமே போதும், பள்ளிக்கூடம் எதுக்கு"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தறியில எண்ணத் தெரிஞ்ச நான், பின்னால ஒரு கடன் பத்திரத்துல இருந்த வட்டி சதவீதம் புரியாம கையெழுத்துப் போட்டவன். அந்தக் கடனை அடைக்க ரெண்டு பசுவை வித்தேன். சந்தைக் கணக்கு தானா ஏட்டுக்கு வராது, ஏட்டுக் கணக்கு தானா சந்தைக்கு வராது. யாராவது நடுவுல பாலம் போடணும்.

ஆப்பையும் நான் திட்டலை. 2015ல டெல்லியில கார்த்திக் முரளிதரன் குழு சோதிச்சுப் பார்த்த மென்பொருள், வகுப்பைப் பார்க்காம பிள்ளைக்குத் தெரிஞ்ச இடத்துலேருந்து ஆரம்பிக்குமாம். கூடவே சின்னக் குழுவா உட்கார வச்சு ஒரு ஆளும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நாலரை மாசத்துல அந்தப் பிள்ளைகள் கணக்குல மத்தவங்களைவிட நல்லா முன்னேறியிருக்காங்க. எங்க வீட்டு ஆப் விடையை மட்டும்தான் பார்த்தது. எப்படிப் போட்டேன்னு பொண்ணைக் கேட்கலை. களத்துல நான் கேட்டதே தற்செயல்தான்.

இப்போ தினம் ராத்திரி சிலேட்டோட உட்காருறோம். ஒரு பக்கம் அவள் வழி: நாலு மூட்டை 300, ஆறு தடவை. இன்னொரு பக்கம் பள்ளிக்கூட வழி. முந்தாநாள், "அப்பா, 24ங்கிறது நாலு ஆறுதானே, ரெண்டும் ஒண்ணுதான்"னு அவளே கோடு போட்டு இணைச்சாள்.

அடுத்தது சதவீதம். அதுல எனக்கும் பாடம் இருக்கு. அந்தப் பழைய பத்திரத்தை எடுத்து வச்சிருக்கேன்.