கோதுமைக்குக் கடைசித் தண்ணீர் எப்போது?

கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போகும் நாமக்கல் லாரிகள், டெல்லியைத் தாண்டி சுமார் 125 கிலோமீட்டரில் கர்னால் என்ற ஊரைக் கடக்கின்றன. ஹரியானா மாநிலத்தில் கோதுமைக்கும் பாசுமதி நெல்லுக்கும் பேர்போன ஊர் இது. மகாபாரதக் கர்ணனின் பெயரால் அமைந்த ஊர் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இந்தியக் கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் இந்த ஊரில்தான்.

கர்னாலுக்குக் கிழக்கே, யமுனை ஆற்றுப் பக்கமுள்ள ஒரு கிராமத்தில் 4 ஏக்கர் நிலம் வைத்திருக்கிறார் ஒரு விவசாயி. மூன்றரை ஏக்கரில் கோதுமை, அரை ஏக்கரில் கடுகு. வீட்டில் இரண்டு முர்ரா எருமைகள். 2024-ம் ஆண்டு பிப்ரவரி கடைசி வாரத்தில் அவருக்குத் தூக்கமே இல்லை. வயலில் நோய் இல்லை, பூச்சி இல்லை. கோதுமைக்குத் தண்ணீர் கட்டுவதா, வேண்டாமா என்ற ஒரே கேள்விதான்.

தமிழ்நாட்டில் மாசி மாதம் வந்தால் வெயில் ஏறத் தொடங்கிவிடும். கர்னாலில் அப்போதுதான் குளிர் விலகி வசந்தம் எட்டிப்பார்க்கும். மார்ச் முதல் வாரத்தில் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் போர்வை வேண்டும். நவம்பரில் விதைத்த கோதுமை கதிர் தள்ளி, பூத்து, பால் பிடிக்கும் நேரம் இது. இந்த 30, 40 நாட்கள் இதமான குளிர் இருந்தால் மணி நிதானமாக நிரம்பி எடை கூடும். திடீரென வெயில் ஏறி 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால், பயிர் அவசரமாகப் பழுத்துவிடும். மணி சுருங்கும். மொத்தப் பாடும் இந்தக் கடைசி நேரத்து வானிலையில்தான் நிற்கிறது.

இரண்டு வருடம், இரண்டு அடி

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2022 மார்ச் மாதம் நாட்டின் சராசரி பகல் வெப்பம் 33.10 டிகிரியைத் தொட்டது. 122 ஆண்டுகளில் அப்படியொரு மார்ச் மாதத்தை வானிலைத் துறை பதிவு செய்ததில்லை. மழையும் இல்லை. 'போன தண்ணியே போதும், காத்து அடிச்சா பயிர் சாஞ்சுடும்' என்று அவர் போரை நிறுத்தி வைத்திருந்தார். இரண்டே வாரத்தில் பச்சையாக நின்ற வயல் வெளுத்துவிட்டது. வழக்கமாக ஏக்கருக்கு 20 குவிண்டால் எடுப்பவருக்கு அந்த வருடம் 16 குவிண்டால்தான் கிடைத்தது. பஞ்சாப், ஹரியானா முழுக்க இதே கதைதான். அந்த ஆண்டு மே 13-ம் தேதி மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கொள்முதலில் சுருங்கிய மணிக்கு 6 சதவிகிதம் வரை என்றிருந்த வரம்பை 18 சதவிகிதமாகத் தளர்த்தியது.

2023-ல் பிப்ரவரி மாதமே சுட்டது. 1901-க்குப் பிறகு அதுவரை சராசரி பகல் வெப்பம் மிக அதிகமாக இருந்த பிப்ரவரி அது. 'போன வருஷம் போல ஆகிடக் கூடாது' என்று இந்த முறை மார்ச் மாதத்தில் தாராளமாகத் தண்ணீர் கட்டினார். மண் ஊறிக் கிடந்த நேரம் பார்த்து மழையும் காற்றும் வந்தன. கதிர் கனம், ஈர மண், பலத்த காற்று. மூன்றும் சேர்ந்தால் கோதுமையின் வேர் பிடிமானம் விட்டுவிடும். ஒன்றரை ஏக்கர் பயிர் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. படுத்த பயிரை அறுக்க அறுவடை மெஷின்காரர் கூடுதல் வாடகை கேட்டார். மணியும் பளபளப்பு இழந்து கறுத்துப்போனது.

ஒரு வருடம் தண்ணீர் கட்டாமல் நஷ்டம். மறு வருடம் கட்டி நஷ்டம். மண்டியில் கமிஷன் கடைக்காரரிடம் வாங்கிய கடன் வட்டியோடு நின்றது. செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்த மகளுக்கு ஏப்ரல் கடைசிக்குள் அடுத்த கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாவது முறையும் தப்பு செய்ய அந்தக் குடும்பத்துக்கு வழியில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த அறிவிப்பு

அந்த ஜனவரி முழுக்க மூடுபனி, மழை இல்லை. எல் நினோ காரணமாக கோடை கடுமையாக இருக்கும் என்ற பேச்சு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டே அவர் மனைவி சொன்னார்.

"என்னங்க, கதிர் வந்தாச்சு. வெயில் ஏறப் போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இந்த வாரம் ராத்திரி கரன்ட்டுதானே, இன்னிக்கே தண்ணி கட்டிடுங்க. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. போன வருஷம் நடந்ததையும் மறக்கலை."

மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அன்று பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை. வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை தருகின்றன. அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம், அதற்கேற்ற பயிர் ஆலோசனை எல்லாம் அதில் இருக்கும். அவள் அதைப் போனில் எடுத்துச் சத்தமாக வாசித்தாள். மார்ச் முதல் தேதியை ஒட்டி மேற்கிலிருந்து ஒரு மழைச் சுற்று வருகிறது. பலத்த காற்றும், சில இடங்களில் ஆலங்கட்டியும் இருக்கலாம். தண்ணீர் பாய்ச்சுவதையும் மருந்தடிப்பதையும் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொலைக்காட்சி வெயில் என்கிறது. போன் மழை என்கிறது. எதை நம்புவது?

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லப்பா" என்றாள் மகள். "அது மூணு மாசத்துக்கான கணக்கு. இது அஞ்சு நாளுக்கான கணக்கு. வெயில் வரத்தான் போகுது. ஆனா, அதுக்கு முன்னாடி இந்த மழை வரும்."

குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் வடஇந்தியாவுக்கு மழை தருவது பருவமழை அல்ல. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான். 'மேற்கத்திய இடையூறு' என்று வானிலை அறிக்கைகளில் சொல்வது இதைத்தான். இமயமலையில் பனியாகவும், கர்னால் போன்ற சமவெளியில் மழையாகவும் இறங்கும். தொலைவிலிருந்து நகர்ந்து வருவதால் இதன் வருகையைச் சில நாட்களுக்கு முன்பே ஓரளவு நன்றாகக் கணிக்க முடிகிறது. எந்த வயலில் ஆலங்கட்டி விழும் என்பதை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

பெரியப்பா முறை வரும் பக்கத்து வயல்காரர் போன் பார்க்கிறவர் இல்லை. சாயங்காலம் வரப்பில் நின்று சொன்னார்: "காத்து கிழக்கே திரும்பியிருக்கு தம்பி. மேகாத்து அடிச்சாதான் வயல் காயும். இது ஈரக்காத்து. ரெண்டு மூணு நாள்ல மழை இருக்கு."

அப்படியும் மனைவிக்குச் சமாதானம் இல்லை. "மழை பொய்ச்சுட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் போனிலும் இல்லை, காற்றிலும் இல்லை. அவரே வயலில் இறங்கி, மூன்று இடங்களில் அரை அடி ஆழம் தோண்டி, மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தார். மண் உருண்டையாகப் பிடித்தது, உதிரவில்லை.

"இன்னும் அஞ்சாறு நாள் தாங்கும்" என்றார் அவராகவே.

அப்புறம்தான் முடிவு சுலபமானது. 4-ம் தேதி வரை தண்ணீர் இல்லை. அதற்குள் மழை வந்தால் நல்லது. வராவிட்டால் 4-ம் தேதி இரவே போரை ஓட்டிவிடுவது. காத்திருப்பதால் பயிர் காயாது; கட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

மழைக்குப் பிறகு

மார்ச் முதல் மூன்று நாட்களில் மழை வந்தது. ஹரியானாவின் பல இடங்களில் ஆலங்கட்டி கொட்டியது. அவர் வயல் முற்றிலும் தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. காய் பிடித்திருந்த கடுகில் ஒரு பகுதி உதிர்ந்தது. கோதுமையில் வடக்கு வரப்பை ஒட்டி நாலைந்து பாத்தி சாய்ந்தது. மற்றதெல்லாம் நின்றது. மண் இறுகி இருந்ததால் வேர் பிடித்துக்கொண்டது. பக்கத்தில், இரண்டு நாள் முன்பு தண்ணீர் கட்டிய வயலில் பாதி படுத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் பயிர்க் காப்பீடு செய்திருந்தார். ஆலங்கட்டி போன்ற சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், அவருக்காகப் போனில் தகவல் பதிந்து கொடுத்ததும் இந்த மகள்தான்.

மழை விட்ட பிறகு வேறு வேலை வந்தது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் கோதுமையில் மஞ்சள் துரு நோய் வரும். தினமும் காலையில் இலையை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். மஞ்சள் பொடி விரலில் ஒட்டினால் நோய். ஒட்டாவிட்டால் வெறும் வெளுப்பு. ஒட்டவில்லை என்பதால் மருந்துச் செலவு மிச்சமானது.

வெயிலுக்கான ஏற்பாட்டையும் அவர் விடவில்லை. வானம் தெளிந்ததும், பூத்து நின்ற பயிருக்கு 13:0:45 எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டை ஏக்கருக்கு 4 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தார். கடைசி நேர வெப்பத்தைப் பயிர் தாங்குவதற்குக் கோதுமை விஞ்ஞானிகள் சொல்லும் 2 சதவிகிதக் கரைசல் இது. மார்ச் பிற்பகுதியில் வெயில் ஏறியபோது, ஐந்து நாள் அறிக்கையில் காற்று இல்லை என்று பார்த்து, இரவில் இலேசாக ஒரு தண்ணீர் கொடுத்தார். தேங்கும் அளவுக்கு இல்லை; மண் நனையும் அளவுக்கு மட்டும். ஈரம் இருக்கும் வயல், காய்ந்த வயலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். மணி நிரம்ப நாலு நாள் கூடக் கிடைக்கும்.

பைசாகி பண்டிகை முடிந்து அறுவடை. ஏக்கருக்கு 21 குவிண்டால் கிடைத்தது. அந்த ஆண்டு அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,275 ரூபாய். மண்டியில் பணம் வந்ததும் முதலில் மகளின் கட்டணம் போனது. கடைக்காரர் கடனில் பாதி அடைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

சுவரில் ஒரு காலண்டர்

அந்த வருடத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சுவரில் மாட்டிய காலண்டரில், செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை என்ன சொன்னது என்று நீல மையில் எழுதுகிறார்கள். நடந்தது என்ன என்று சிவப்பு மையில் எழுதுகிறார்கள். எழுதுவது மகள் இல்லாத நாட்களில் அம்மாவின் வேலை. மழை வரும் என்றதில் எத்தனை முறை வந்தது, வெப்பம் எத்தனை டிகிரி பிசகியது, பெரியப்பாவின் காற்று எத்தனை முறை பலித்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பெரியப்பாவும் அவ்வளவு மோசமில்லை என்கிறது காலண்டர்.

எந்த அறிக்கையை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று மாதக் கணிப்பைப் பார்த்து ஒருநாளும் தண்ணீர் கட்டுவதில்லை. அது விதை வாங்கும்போது பயன்படுகிறது. கர்னால் நிறுவனம் வெளியிட்ட 'கரண் வந்தனா' என்கிற டி.பி.டபிள்யூ 187 ரகத்தைக் காலத்தோடு நவம்பர் முதல் வாரத்தில் விதைத்துவிடுகிறார்கள். முன்னால் விதைத்தால், வெயில் வருவதற்குள் மணி பாதி நிரம்பிவிடும். தண்ணீருக்கும் மருந்துக்கும் ஐந்து நாள் அறிக்கை. அதற்கும் மேலே, வயலில் இறங்கி எடுத்துப் பார்க்கும் ஒரு பிடி மண்.

வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலியில் இதே மாவட்ட அறிக்கை தமிழிலும் கிடைக்கிறது. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் கட்டலாமா, வேண்டாமா என்று மடையில் நின்று யோசிக்கிற தஞ்சாவூர்க்காரருக்கும் கேள்வி அதேதான்.

பிப்ரவரி வந்தால் அவர் மனைவி இப்போதும் அதையே கேட்கிறார். "மழை பொய்ச்சுட்டா?" ஆனால், கேட்கும்போதே கையில் மண்வெட்டியை எடுத்துக்கொள்கிறார்.