பதில் வரலேன்னா ஆள் இல்லேன்னு அர்த்தமா?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியலை மக்களே, ஆபீஸ்ல ஆணி அதிகம் :)

புடுங்கின ஆணி இதுதான்: என்மேப் கருவியை ஏஐ ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துற மாதிரி கையேடு எழுதணும். 1997ல ஃப்ராக் இதழில் வெளிவந்த கருவி. ஒரு கணினியோட போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்து, எது திறந்திருக்குன்னு சொல்லும். டிசிபில மொத்தம் 65,535 கதவு. நாம எதுவும் சொல்லலேன்னா அதிகம் புழங்குற 1,000 கதவை மட்டும் தட்டும்.

எங்க டெஸ்ட் சர்வர் மேல ஏஜென்ட்டை ஓட விட்டேன். 'ஃபில்டர்டு'ன்னு வந்ததையெல்லாம் "மூடியிருக்கு, பாதுகாப்பு"ன்னு அறிக்கை எழுதிடுச்சு. மூடியிருந்தா மறுப்பாவது பதிலா வரும். ஃபில்டர்டுன்னா பெரும்பாலும் பதிலே வராது. நடுவுல ஃபயர்வால் தடுக்குது, திறந்திருக்கா மூடியிருக்கான்னே சொல்ல முடியாது. தப்பு என்னோடது. படிக்கிறவனுக்குத் தெரியும்னு அதை எழுதாம விட்டுட்டேன்.

சின்ன வயசுல இளையரசனேந்தல்ல ஆச்சி என்னை அடுத்த தெருவுக்கு உறைமோர் வாங்க அனுப்புவா. கதவைத் தட்டிட்டு ஓடி வந்து, "அங்க யாரும் இல்ல ஆச்சி"ம்பேன்.

"சத்தம் வரலேன்னு சொல்லுல. ஆள் இல்லேன்னு நீ எப்படிச் சொல்லுத?"

அதையேதான் கையேட்டுல சேர்த்தேன்: 'ஃபில்டர்டு என்று வந்தால், தெரியவில்லை என்று எழுது. மூடியிருக்கிறது என்று எழுதாதே.' கூடவே, 'அனுமதி தராத முகவரியைத் தட்டாதே.' மறுபடி ஓட விட்டேன். சமத்தா "தெரியவில்லை"ன்னு எழுதுச்சு.

ஆச்சிகிட்ட போன்ல சொன்னேன். "இதுக்கா உனக்குச் சம்பளம் தராங்க?"ன்னு கேக்கா :)