மருந்து பாட்டிலை எறியாதீர்கள்

கண்ணுகளா, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலை ஊர்களில் செவிலியராக ஏறி இறங்கிய கால் இது. உங்கள் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன்.

ஒருமுறை, சாமை அறுப்பு நேரம். ஐந்து வயதுப் பையனுக்கு வாந்தி நிற்கவில்லை. கீழே டவுனிலிருந்து வாங்கிவந்த வாந்தி மருந்தை அளவு பாராமல் வாயில் ஊற்றியிருக்கிறார்கள். பொழுது சாயும்போது கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் மேலே செருகியது. நாக்கு வெளியே தள்ளியது. “காத்து கருப்பு” என்று பூசாரியை அழைக்க ஓடினார்கள். ஆனால் பிள்ளைக்கு நினைவு தப்பவில்லை. பெயர் சொன்னால் என் பக்கம் பார்க்க முயன்றான்.

“என்ன மருந்து கொடுத்தீங்க?” என்று கேட்டேன். அவன் பாட்டி குப்பையைக் கிளறி பாட்டிலை எடுத்துவந்தார். மெட்டோகுளோபிரமைடு. சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து தசைகளை இப்படி முறுக்கிவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் ஒரு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் பலர் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சென்னை ஆய்வகத்தில் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அது மருந்தின் பக்கவிளைவல்ல, மருந்தில் கலந்த நஞ்சு. ஆனாலும் குடித்த மருந்து எதுவென்று தேடிப் பிடித்துச் சோதித்த பிறகே உண்மை வெளிவந்தது.

அதனால் கேளுங்கள். புது மருந்து கொடுத்தபின் உடம்பில் தடிப்பு வந்தால், அடுத்த வேளை கொடுக்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள். உதடோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், வாயிலும் தோலிலும் கொப்புளம் கிளம்பினால், சிறுநீர் குறைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி ஏறிவர நேரமாகும். மாத்திரையால் லேசாக வயிறு இளகினால் பயம் வேண்டாம், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவையே, மருந்தோடு வந்த அளவு மூடியால் கொடுங்கள். பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து வேண்டவே வேண்டாம்.

ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள். பக்கவிளைவைத் தெரிவிப்பதற்கான 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல் ஊர் பேர் தெரியாத இன்னொரு பிள்ளையைக் காக்கும். பிள்ளை முழுதாகத் தேறும்வரை மருந்து பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் எறியாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.